கடைசிப் பத்தி

நவம்பர் 5, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். கட்டுரை, நெகிழியின் தீமைகள். எல்லாத் தாளிலும் ஒரே முடிவுரை: நெகிழியைத் தவிர்ப்போம், மண்ணைக் காப்போம், நாட்டை உயர்த்துவோம். நான் சொல்லிக் கொடுத்ததுதான். முடிவுரைக்கு ஒரு மதிப்பெண் என்று ஒதுக்கி வைத்திருப்பதால் எல்லோருக்கும் தாராளமாகப் போட்டுவிட்டேன். ஒரு பெண் மட்டும், "எங்கள் தெரு பரோட்டா கடைக்காரரிடம் பை வேண்டாம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை" என்று முடித்திருந்தாள். அரை மதிப்பெண் குறைத்தேன். முடிவுரையில் நம்பிக்கை தெரிய வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

விடுதி மோட்டார் மறுபடியும் மக்கர். காலையில் பக்கெட்டோடு வரிசையில் நின்று, சேலையூர் பஸ்ஸை விட்டு, பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம்.மின் முறைப்பை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 7, வியாழன்

சாப்பாட்டு அறைப் பலகையில் ஓர் அறிவிப்பு. வார்டன் ஹில்டா அக்கா கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார். விடுதியை வரும் மே மாதத்தோடு மூடிவிட்டு, கட்டடத்தை ஒரு நீட் பயிற்சி மையத்துக்குக் குத்தகைக்கு விடுவது பற்றி அதை நடத்தும் சபையின் டிரஸ்ட் கமிட்டி டிசம்பரில் ஆலோசிக்குமாம்.

இரண்டு தடவை வாசித்தேன். உப்புமாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

சாயர்புரத்திலிருந்து வேலை கிடைத்து வந்தபோது இந்தக் கிழக்குத் தாம்பரம் பெண்கள் விடுதியில் ஆறு மாதம் இருப்பேன் என்றுதான் நினைத்தேன். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. ஊரில் இப்போது எனக்கு இருப்பது அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கும் கல்லறைத் தோட்டம் மட்டும்தான். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகாத தமிழ் டீச்சர். வெளியே போய் யாரிடம் வீடு கேட்பது? என்னவென்று கேட்பது?

நவம்பர் 8, வெள்ளி

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கூடினோம். ஆளாளுக்குப் பேசினார்கள். என் அறைத்தோழி ரமாவுக்குத்தான் சூடு அதிகம். குரோம்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் நூறு பேரிடம் சண்டை போடுகிறவள். கமிட்டி நடக்கும் அன்று எல்லோரும் போய் வாசலில் உட்கார வேண்டும் என்றாள். காந்திமதி அக்கா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விடுதியில் எல்லோருக்கும் மூத்தவர் அவர். பம்மலில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் கணக்கெழுதினார். அது மூடிய பிறகு ஒரு ஹார்டுவேர் கடையில் எழுதுகிறார். பம்மலிலேயே தம்பி வீடு இருக்கிறது. ஆனாலும் இங்கேதான் இருக்கிறார். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஹில்டா அக்கா கமிட்டி செயலாளர் ஜெபகுமார் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அவர் எப்போதும் போல மெதுவாகப் பேசினார். "கும்பலா வந்து நிக்க வேணாம் சிஸ்டர். என்ன சொல்லணுமோ எழுதிக் குடுங்க. விடுதி ஏன் தொடரணும்னு ஒரு கட்டுரை மாதிரி, ரெண்டு பக்கத்துல. கமிட்டியில அப்படியே வாசிச்சிடறேன்."

போனை வைத்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "டீச்சரு கீறாங்களே" என்றார் காந்திமதி அக்கா. மொத்தக் கூட்டத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் முன்னுரையும் பொருளுரையும் முடித்துவிட்டேன். வெளி மாவட்டங்களிலிருந்து முதல் வேலைக்கு வரும் பெண்கள் ரயிலை விட்டு இறங்கியதும் நம்பி வருகிற இடம் இது. இரவுப் பணி முடிந்து வருகிறவளுக்கும் கதவு திறக்க ஒரு ஆள் உண்டு. தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்தப் பக்கத்தில் வீடு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். வயதானவர்கள் சிலருக்கு இதுதான் வீடு. எல்லாம் மளமளவென்று வந்தது. ரமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முடிவுரை மட்டும் பாக்கி. நாளை பத்து நிமிட வேலை.

நவம்பர் 12, செவ்வாய்

பத்து நிமிட வேலையாம்.

"ஆகவே பெண்மையைப் போற்றுவோம், பாதுகாப்பான இல்லம் அமைப்போம், நாளைய சமுதாயத்தை நிமிரச் செய்வோம்" என்று முடித்தேன். ரமா கேட்டுவிட்டு, "அக்கா, சுதந்திர தினத்துக்குக் கொடியேத்துன மாதிரி இருக்கு. முட்டாய் குடுப்பாங்களா?" என்றாள். கோபம் வந்தது. பிறகு நானே ஒரு தடவை வாசித்தேன். போற்றுவோம், அமைப்போம். யார் போற்றுவது? கமிட்டியா, நாங்களா? இதைக் கேட்டால் ஜெபகுமார் சார் தலையாட்டி, ஆமென் சொல்லி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஓம் ஓம் ஓமைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

இரண்டாவது முடிவுரை. உருக்கமாக இருக்கட்டும் என்று எழுதினேன். நாங்கள் நாதியற்றவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள், உங்கள் பாதத்தில் விழுகிறோம், கைவிட்டுவிடாதீர்கள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அழுகை வந்தால் நல்ல எழுத்து என்று ஒரு எண்ணம்.

காந்திமதி அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "இன்னா டீச்சர், கோயில் வாசல்ல தட்டு ஏந்துற மாதிரி கீது. மாசா மாசம் துட்டு குட்த்துதான இங்க கீறோம்?" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். தாளைக் கிழித்தேன்.

நவம்பர் 20, புதன்

ரமா தன் பங்குக்கு ஒரு முடிவுரை எழுதிக் கொடுத்தாள். கோர்ட், மகளிர் ஆணையம், பத்திரிகை, டி.வி. என்று எல்லாவற்றையும் கூப்பிட்டிருந்தாள். நான்கைந்து சின்னப் பெண்கள் இப்படியானால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் தெரிந்தால் வேலையை விட்டு வரச் சொல்லிவிடுவார்களாம். அவர்கள் மறுத்ததற்கு ரமா இரண்டு நாளாக என்னிடம் உர்ரென்று இருக்கிறாள். எழுதியது அவள்!

நவம்பர் 22, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கும் யக்ஞநாராயணன் சாரிடம் காட்டினேன். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும் நடுவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். மூக்குப்பொடி டப்பாவை மேசையில் தட்டித் தட்டி முழுதும் வாசித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"எல்லாம் சரி. உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

விடுதியை மூடக் கூடாது என்றேன்.

"அது வேணாங்கறது. வேணுங்கறது என்ன? கமிட்டிக்காரன் கையில பேனாவோட உக்காந்திருக்கான். நீங்க சொல்ற வார்த்தைய அவன் அப்படியே தீர்மானமா எழுதிக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு கேளுங்கோ. கேட்டுட்டு நிறுத்திடுங்கோ. அதுக்கப்புறம் ஒரு எழுத்து இருக்கப்படாது."

கேட்டுவிட்டு நிறுத்துவது. சொல்ல எவ்வளவு சுலபம்! கடையில் தக்காளி விலை கேட்பதற்கே முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பேன் நான்.

நவம்பர் 30, சனி

புயல் மழை. முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டதாம். கரண்ட் இல்லை, பள்ளி இல்லை. பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். வந்துவிட்டது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மேல் மாடியைப் பயிற்சி மையத்துக்குக் கொடுங்கள். கீழ்த் தளத்தை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு எங்களுக்கு விடுங்கள். அதற்கான கட்டணத்தைக் கமிட்டி உயர்த்தினால் தருகிறோம். இந்த ஒரு கோரிக்கைக்குச் சம்மதம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்."

ரமா இரண்டு தடவை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். காந்திமதி அக்கா, "ஆங், இது பேச்சு" என்றார்.

டிசம்பர் 3, செவ்வாய்

பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து வாங்கி வந்து சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசித்தேன். கை தட்டினார்கள். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். மேல் மாடிப் பெண்களும் போட்டார்கள். தங்கள் அறை போனாலும் பரவாயில்லை, கீழே நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஹில்டா அக்கா வார்டன் என்பதால் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் எல்லோருக்கும் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

சந்தோஷமாக இருந்தேன் இன்று.

டிசம்பர் 4, புதன்

பள்ளி விட்டதும் கேம்ப் ரோட்டில் ஜெபகுமார் சார் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, மழையில் எங்கள் விடுதிக்கு ஏதாவது சேதமா என்று அக்கறையாக விசாரித்தார். கேக் வேறு. அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். கடைசிப் பத்தி என்னமோ போல இருந்தது. கொடுங்கள், விடுங்கள், தீர்மானம் நிறைவேற்றுங்கள். வீட்டுக்குள் செருப்போடு வந்த மாதிரி.

அப்பா ஹெட்மாஸ்டராக இருந்தபோது மேலிடத்துக்கு எழுதும் கடிதங்களை நான்தான் நல்ல கையெழுத்தில் படியெடுப்பேன். எதைக் கேட்டு எழுதினாலும் கடைசியில் பணிவாக ஒரு வரி வரும். எங்கள் சபையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். அது இல்லாமல் பெரியவர்களுக்கு ஒரு காகிதம் போகாது.

பத்திக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்: "தங்கள் முடிவு எதுவாயினும், அதைத் தேவசித்தமாக ஏற்றுப் பணிவுடன் அடங்கியிருப்போம்."

இப்போதுதான் கடிதம் கடிதமாக இருக்கிறது. நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 14, சனி

இன்று கமிட்டி. ஜெபம் பண்ணினோம். ரமா கூட முட்டி போட்டாள்.

டிசம்பர் 16, திங்கள்

என்ன எழுதுவது?

பலகையில் தீர்மானத்தின் நகலை ஒட்டியிருக்கிறார்கள். விடுதி மே முப்பத்தொன்றோடு மூடப்படும். அது கூடப் பரவாயில்லை. கீழே இருந்ததுதான்... "விடுதியில் தங்கியுள்ள சகோதரிகள், கமிட்டியின் முடிவு எதுவாயினும் அதைத் தேவசித்தமாக ஏற்பதாக ஒருமனதாக எழுதித் தந்துள்ளபடியால், அவர்களுடைய நல்ல மனதைக் கமிட்டி பாராட்டுகிறது."

எல்லோரும் பலகை முன்னால் நின்றார்கள். "நாம எங்க இப்படி எழுதினோம்?" என்று ஒருத்தி கேட்டாள். இவர்களே எழுதிக்கொண்டார்கள், மோசடி என்றாள் ரமா. ஹில்டா அக்காவிடம் சொல்லிக் கமிட்டியிலிருந்து கடிதத்தின் நகலை வாங்குகிறேன் என்று வேகமாகப் போனாள்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். கர்த்தாவே.

டிசம்பர் 17, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வுக் கண்காணிப்பு முடிந்ததும் நேராக ஜெபகுமார் சார் வீட்டுக்கு ஓடினேன். அந்த வரி சும்மா மரியாதைக்கு எழுதினது சார், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆறுதலாகப் பேசினார்.

"உண்மையைச் சொல்லணும்னா சிஸ்டர், உங்க முடிவுரைதான் எங்களுக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு. கமிட்டியில ரெண்டு பேரு மூடவே கூடாதுன்னு நின்னாங்க. கீழ்த் தளத்தை விட்டுடலாம்னு மத்தவங்களும் கொஞ்சம் எறங்கி வந்தாங்க. அப்பதான் நான் கடைசி வரியை வாசிச்சேன். அவங்களே மனசார ஏத்துக்கும்போது நாம எதுக்குப் பிரிஞ்சு நிக்கணும்னு அவங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. ஒரு சண்டை இல்ல. சமாதானமா முடிஞ்சுது."

இரண்டு பேர் நின்றார்கள். மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். நான் உட்கார வைத்திருக்கிறேன்.

மாற்ற முடியாதா என்று கேட்டேன். தீர்மானம் எழுதியாயிற்று, பயிற்சி மையத்துக்காரர்களிடம் சொல்லியும் ஆயிற்று என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். நானும் "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி? என் வாயில் கொள்ளியை வைக்க.

டிசம்பர் 18, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு அறையில், எல்லோரும் இருக்கும்போது. ஜெபகுமார் சார் சொன்னதையும் மறைக்கவில்லை.

ரமாவிடம் நகல் இருந்தது. அந்த வரி என் கையெழுத்து என்று அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்கிறேனா என்று காத்திருந்தாளாம்.

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஒரே அறை. அவள் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல்தான்.

காந்திமதி அக்கா மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "ரெண்டு பேரு நின்னாங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

டிசம்பர் 21, சனி

இன்னொரு கடிதம் எழுதினேன். முந்தைய கடிதத்தின் கடைசி வரி என்னுடைய சொந்தச் சேர்க்கை, மற்றவர்களுக்கு அதில் சம்பந்தமில்லை, கோரிக்கையை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று. இந்தத் தடவை முடிவுரை தானாக வந்தது. கேட்டேன், நிறுத்தினேன். நல்ல முடிவுரை. யக்ஞநாராயணன் சார் பார்த்தால் முழு மதிப்பெண் போடுவார்.

கையெழுத்து வாங்க அறை அறையாகப் போனேன். ரமா தாளைக் கையில் வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்து, "கையெழுத்துக்கு மேல எடம் ஏதும் விட்டிருக்கீங்களா?" என்றாள். மற்றவர்கள் அந்த அளவுக்குக் கூடப் பேசவில்லை. தலைவலி என்றார்கள், நாளைக்கு என்றார்கள்.

என் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினேன்.

டிசம்பர் 25, புதன்

பண்டிகை. வெளியூர் போகாதவர்களுக்காகக் கேக் வாங்கி வைத்தேன். ரமா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தேங்க்ஸ் என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

ஜெபகுமார் சாரிடமிருந்து வாட்ஸப். என் இரண்டாவது கடிதம் கமிட்டியில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது'. கீழே கை கூப்பும் படம் ஒன்று.

பதிலுக்கு நானும் கை கூப்பும் படத்தை அனுப்பிவிட்டேன். விரல் தானாகப் போய் அமுக்குகிறது. என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 15, சனி

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு அறை இருக்கிறது என்று புரோக்கர் சொன்னான். ரயிலில் போனேன். வீட்டுக்கார அம்மா கேட்டைத் திறக்காமலே பேசினாள். வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்றாள். கல்யாணம் ஆகவில்லை என்றேன். அப்பா அண்ணன் யாராவது வந்து பேசுவார்களா என்றாள். இல்லை என்றேன். "பாத்து சொல்றோம்" என்றாள். "சரிம்மா, உங்களுக்குத் தோதா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெயிலில் ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன்.

பெண்கள் காலி பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மேல் மாடியில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. கட்டுரையில் இதையெல்லாம் எழுதினேனே, தனிப் பெண்களுக்கு வீடு தர மாட்டேன் என்கிறார்கள் என்று. நன்றாகவே எழுதியிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ரமா போய்விட்டாள். ஆஸ்பத்திரித் தோழிகள் மூன்று பேர் சேர்ந்து பல்லாவரத்தில் வீடு எடுத்திருக்கிறார்கள். நான் கோயிலுக்குப் போன நேரத்தில் கிளம்பியிருக்கிறாள். என் தலையணை மேல் அவளுடைய கொசு அடிக்கும் பேட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறந்து வைத்தாளா, எனக்கென்று வைத்தாளா? கேட்கத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 12, சனி

காந்திமதி அக்கா இன்று தம்பி வீட்டுக்குப் போனார். ஷேர் ஆட்டோவில் பம்மல் வரை கூடப் போனேன். இரண்டு பை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவருக்கு ஒதுக்கியிருப்பது ஹாலில் ஒரு மூலை, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். தம்பி மனைவி ஜெயக்கொடி எனக்கு மோர் கொடுத்தாள். கெட்டவள் இல்லை, படிக்கும் வயதில் இரண்டு பிள்ளைகள், சின்ன வீடு.

கிளம்பும்போது, "அக்கா, எல்லாம் என்னாலதான்" என்றேன். இத்தனை மாதமாகச் சொல்ல நினைத்தது.

"ஆமா, உன்னாலதான்" என்றார். அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு தெருமுனை வரை வந்து ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். வழி நெடுக அழுதேன். ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார் பாவம்.

மே 4, ஞாயிறு

கூடுவாஞ்சேரியில் இடம் கிடைத்துவிட்டது. மொட்டை மாடியில் ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ். வீட்டுக்காரர் கிரீஷ், ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒரு ஆள்தான், விருந்தாளி வந்து தங்கக் கூடாது, தண்ணீர் சிக்கனம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி சார் என்றேன். என் வயதில் பாதி இருப்பார்.

மே 18, ஞாயிறு

விடுதியின் இத்தனை வருட ஊழியத்துக்காக ஒரு நன்றி ஆராதனை வைக்கிறார்களாம். ஜெபகுமார் சார் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். தங்கியிருந்தவர்கள் சார்பில் நான்தான் நன்றியுரை சொல்ல வேண்டுமாம். "நீங்கதான் அழகா முடிச்சு வைப்பீங்க சிஸ்டர்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கேலி பண்ணவே தெரியாது.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. "சரி சார்" என்றேன்.

மே 25, ஞாயிறு

சொன்னேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கமிட்டியில் எங்களுக்காக நின்றவர்களில் ஒருவராம், ஒரு வயதான அம்மா, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க எல்லாரும் எவ்வளவு பெருந்தன்மையா எழுதியிருந்தீங்க" என்றார்கள்.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

மே 31, சனி

சாவியை ஹில்டா அக்காவிடம் கொடுத்தேன். அவரும் மகள் வீட்டுக்குப் போகிறார். லாரியில் பெஞ்சுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

ஜூன் 14, சனி

மாடி அறை கொதிக்கிறது. சேலையூருக்கு ஒரு ரயில், ஒரு பஸ். வந்து விழுந்தால் போதும் என்றிருக்கிறது.

மத்தியானம் காந்திமதி அக்காவிடமிருந்து போன். இரண்டு மாதத்தில் அவராகப் போட்ட முதல் போன். சாப்பிட்டீர்களா, வெயில் எப்படி என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு சொன்னார்: "நேத்து ஜெயக்கொடி கேட்டா டீச்சர், எவ்ளோ நாளு இருப்பீங்க அண்ணின்னு. உன் இஷ்டம்மா, நீ எப்போ சொல்றியோ அப்போ கெளம்பிடறேன்னு சொல்லிட்டேன். ஒரு மரியாதிக்குதான் சொன்னேன். சரி அண்ணின்னுட்டு போயி காலண்டர பாத்துகினு கீறா."

அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் சிரித்தார். சிரிப்புதானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு அறையை அளந்து பார்த்தேன். இன்னொரு கட்டில் போட்டால் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். கீழே இறங்கிப் போய் மணியை அடித்தேன். கிரீஷ் கதவைத் திறந்தார். நாளையிலிருந்து மாடியில் இரண்டு பேர் இருப்போம் என்றேன்.

முகம் மாறிவிட்டது அவருக்கு. ஒரு ஆள் என்றுதானே பேசினோம், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

உங்கள் சௌகரியம் போல் செய்யுங்கள் சார் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே யாரோ யாரது என்று கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் போகவில்லை.

"மோட்டார் காலைல ஒரு தடவைதான் போடுவோம். ரெண்டு பேருக்கும் அதே தண்ணிதான்" என்றார்.

மேலே வந்து அக்காவுக்குப் போன் போட்டு, பெட்டியைக் கட்டி வைக்கச் சொன்னேன்.